இராமநாதபுரம் கடற்கரைக் கோரைகளை இனம் பிரித்தறிதல்: மண்ணுக்கு அடியிலிருந்து தொடங்கும் வழிகாட்டி

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறக்கும்போது, தொண்டியிலிருந்து மூக்கையூர் வரையிலான கடற்கரை மணலிலும், அதை ஒட்டிய கண்மாய்க் கரைகளிலும், உவர் நிலங்களிலும் முழங்கால் உயரத்தைத் தாண்டாத பச்சை படர்ந்திருக்கும். பார்ப்பவர் பெரும்பாலும் "கோரை" என்று ஒரே சொல்லில் சொல்லிக் கடந்துவிடுவர். அந்த ஒரு சொல்லுக்குள் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவுடைய பல தாவரங்கள் அடங்கியிருக்கின்றன. அவற்றைப் பிரித்தறியும் முறையைக் களத்தில் எந்த வரிசையில் செய்ய வேண்டுமோ அந்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

வாலிநோக்கம் பக்கத்து மணல்மேட்டில் நான் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் ஒரு செடியைக் கோரைக்கிழங்கு என்றே குறிப்பேட்டில் எழுதிவந்தேன். தண்டு, இலை, கதிர் மூன்றும் ஏறக்குறைய ஒத்துப்போனதால் எனக்கு ஐயமே எழவில்லை. மூன்றாம் ஆண்டு அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி, நான் செடியைப் பிடித்து இழுப்பதைப் பார்த்துவிட்டு, "தம்பி, புடுங்குனா அது வராது, நூலு அந்துரும். தோண்டிப் பாருங்க, அரிசி கெடக்கும்" என்றார். "என்ன அரிசி அப்பத்தா?" என்று கேட்டதற்கு, "சிலந்தி அரிசி" என்று சொல்லி, குச்சியால் மணலைக் கிளறிக் கறுத்த தோல் போர்த்த சிறு குமிழ் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். இரண்டு ஆண்டுக் குறிப்புகளும் தவறு என்பது அப்போதுதான் தெரிந்தது. கோரையைப் பறிக்கக் கூடாது, தோண்ட வேண்டும். இந்த வழிகாட்டியில் உள்ள மற்ற அனைத்தும் அதற்கு அடுத்தபடிதான்.

காலமும் கருவியும்

மழை முடிந்த மார்கழியிலிருந்து மாசி வரையே தகுந்த காலம். அப்போதுதான் ஒரே செடியில் பூவும் முற்றிய காயும் சேர்ந்து கிடைக்கும். பங்குனி வெயிலில் மணற்கோரைகள் பலவும் மேலே காய்ந்து நிலத்தடிப் பகுதியோடு ஒடுங்கிவிடும். காலையில் வேலையை முடித்துக்கொள்வது நல்லது, ஏனெனில் வெயில் ஏறிவிட்டால் பூவில் மகரந்தத்தை ஏற்கும் மெல்லிய இழைகளான சூல்முடிகள் வதங்கிச் சுருண்டு எண்ண முடியாதபடி ஆகிவிடும். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ், களைக்கொட்டு, மில்லிமீட்டர் அளவுள்ள அடிக்கோல், இரண்டு குண்டூசி, வெள்ளைத் தாள் ஒன்று, குறிப்பேடு ஆகியவை போதும். குண்டூசிகளின் தேவை காயைப் பார்க்கும் கட்டத்தில் தெரியும்.

மன்னார் வளைகுடா தேசியக் கடல் பூங்காவைச் சேர்ந்த 21 தீவுகளிலும், சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் போன்ற பறவைகள் சரணாலயங்களிலும் வனத்துறை அனுமதியின்றி ஒரு தண்டைக்கூடத் தொடக்கூடாது. பிற இடங்களிலும் மணல்மேட்டைப் பிடித்து வைத்திருப்பவை இந்த வேர்கள்தான் என்பதை மனத்தில் வைத்து, ஓர் இடத்தில் ஒரு செடி மட்டும் எடுத்துக் குழியை மூடிவிட வேண்டும்.

முதல் படி: கோரையா, புல்லா?

தண்டை விரல்களுக்கு இடையே வைத்து உருட்டினால் கோரையின் முப்பட்டை விரலில் தட்டுப்படும். குறுக்கே அறுத்தால் உள்ளே பஞ்சு போன்ற சோறு நிறைந்திருக்கும், புல்லின் தண்டிலோ பெரும்பாலும் கணுக்களுக்கு இடையே வெற்றிடம் இருக்கும். புல்லில் தண்டு நெடுகக் கணுக்கள் புடைத்துத் தெரியும், கோரைத் தண்டு அடியிலிருந்து கதிர் வரை பெரும்பாலும் கணுவின்றி வழுவழுப்பாகப் போகும். இலைகளைத் தலைக்கு மேலிருந்து பார்த்தால் புல்லில் இரண்டு வரிசையாகவும் கோரையில் மூன்று வரிசையாகவும் அமைந்திருக்கும்.

இந்த அடையாளங்களில் எனக்கு மிகவும் நம்பிக்கையானது இலையுறைதான். தண்டைச் சுற்றிய இலையுறை கோரையில் குழாய் போல மூடியிருக்கும், புல்லில் ஒருபுறம் பிளந்து ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். முப்பட்டை இல்லாத, உருண்டைத் தண்டுடைய கோரைகளும் இருக்கின்றன, ஆகவே தண்டு உருண்டையாக இருப்பதை மட்டும் வைத்துக் கோரை இல்லை என்று ஒதுக்கிவிடக் கூடாது.

நம் கரையில் புதியவர்களை அதிகம் ஏமாற்றுவது இராவணன் மீசை. தனுஷ்கோடி மணலில் கோரைகளோடு கலந்து வளர்வதாலும், இலை விறைத்துக் குத்துவதாலும் அதைப் பெரிய கோரை என்று எண்ணுவோர் உண்டு. அது புல் இனம். ஓடும் தண்டில் கணுவுக்குக் கணு வேரும் இலைக்கொத்தும் விடும், இலையும் உறையும் சேரும் இடத்தில் மயிர் வரிசை இருக்கும், முள்பந்து போன்ற பெண் கதிர் காற்றில் உருண்டோடும்.

இரண்டாம் படி: தோண்டுதல்

செடியிலிருந்து ஒரு சாண் தள்ளிக் களைக்கொட்டை இறக்கி, மணலைக் கையால் விலக்கிக்கொண்டே செடியை நோக்கி வர வேண்டும். நேராகச் செடியின் அடியில் கொத்தினால் தேவையான இணைப்பு அறுந்துவிடும். ஈர மணலில் இந்த வேலை எளிது, உலர் மணல் சரிந்து மூடிக்கொண்டே இருப்பதால் முதலில் சிறிது நீர் ஊற்றிக்கொள்வது என் வழக்கம். நிலத்தடிப் பகுதியைக் கழுவி வெள்ளைத் தாளில் பரப்பிவைத்தால், நம் கரையில் மிகவும் குழப்பும் மூன்று கோரைகளும் இங்கேயே பெரும்பாலும் பிரிந்துவிடும்.

முதலாவது கோரைக்கிழங்கு. சித்த மருத்துவக் கடைகளில் முத்தக்காசு என்றும் கிடைக்கும் இதன் அறிவியல் பெயர் சைப்பரஸ் ரொட்டண்டஸ், லின்னேயஸ் 1753-இல் வைத்தது. தண்டின் அடி சற்றே பருத்து, அதிலிருந்து கம்பி போன்ற மட்டநிலத்தண்டு, அதாவது மண்ணுக்குள் கிடைமட்டமாக ஓடும் தண்டு, புறப்பட்டு ஒரு கிழங்கில் சேரும். அந்தக் கிழங்கிலிருந்து மீண்டும் கம்பி, அதன் முனையில் அடுத்த கிழங்கு என்று சங்கிலியாகத் தொடரும். முற்றிய கிழங்கு கரும்பழுப்பாகவும் கடினமாகவும் இருக்கும், நகத்தால் கீறினால் நாட்டு மருந்துக் கடையின் மணம் எழும். சங்கிலியும் மணமும் சேர்ந்து இருந்தால் பெரும்பாலும் ஐயம் வேண்டியதில்லை.

இரண்டாவது சிலந்தி அரிசி, சைப்பரஸ் பல்போசஸ். இதில் நிலத்தடி இணைப்பு கம்பி போல இருக்காது, தையல் நூல் போல இருக்கும், தொட்டாலே அறும். நூலின் முனையில் ஒரே ஒரு குமிழ், அதோடு முடிந்துவிடும், சங்கிலி கிடையாது. குமிழ் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் முட்டை வடிவமாகவும் நுனி கூராகவும் இருக்கும். சிறிய வெங்காயத்தைப் போல அதன்மேல் கறுத்த அல்லது பழுப்பான காகிதத் தோல்கள் அடுக்கடுக்காகப் போர்த்தியிருக்கும். தோலை உரித்தால் உள்ளே வெண்மையான மாவுச்சத்து. சோழமண்டலக் கடற்கரையில் பஞ்ச காலங்களில் இதை வறுத்தும் மாவாக்கியும் உண்டிருக்கிறார்கள் என்பதை அறிந்தால் அரிசி என்ற பெயரின் பொருள் விளங்கும். எனினும் இனம் உறுதியாகத் தெரியாமல் எந்தக் கிழங்கையும் வாயில் வைத்துச் சோதிக்க வேண்டாம்.

மூன்றாவது சைப்பரஸ் ஸ்டோலோனிஃபெரஸ். இதற்கென்று ஊரில் தனிப் பெயர் நான் கேட்டதில்லை, வசதிக்காக இங்கே உவர்க்கோரை என்று குறிப்பிடுகிறேன். ஓத நீர் ஏறி இறங்கும் கழிமுகக் கரை, உவர் மணல், அலையாத்திச் செடிகளின் வெளி விளிம்பு ஆகியவை இதன் இடங்கள். நீண்டு ஓடும் மட்டநிலத்தண்டில் உருண்டைக் கிழங்குகள் இருப்பதால் கோரைக்கிழங்கோடு இதைக் குழப்பிக்கொள்வது இயல்பே. நிலத்தடிப் பகுதியை மட்டும் வைத்து இவ்விரண்டையும் பிரிக்க நான் துணிய மாட்டேன். இவற்றுக்கு விடை காயில் இருக்கிறது.

இவை மூன்றுக்கும் அப்பால், மணல்மேட்டில் செடிகள் ஒரு கோட்டில் வரிசைகட்டி நின்றால் சைப்பரஸ் அரினேரியஸை நினைவுகொள்ள வேண்டும். அதன் மட்டநிலத்தண்டு மணலுக்குள் கயிறு போல நேராக ஓடி, இடைவெளி விட்டு ஒவ்வொரு தண்டாக மேலே அனுப்புகிறது. கிழங்கு இல்லை, கதிர்கள் தண்டின் நுனியில் ஒரே உருண்டைத் தலையாகத் திரண்டிருக்கும்.

மூன்றாம் படி: தண்டும் இலையும்

இங்கே அதிக நேரம் செலவிட வேண்டாம். கோரைக்கிழங்கின் தண்டு கூரிய முப்பட்டையாகவும், உவர்க்கோரையின் தண்டு விளிம்பு மழுங்கிய முப்பட்டையாகவும் இருக்கும். சிலந்தி அரிசியின் இலை மிகக் குறுகியது, பொதுவாக 3 மில்லிமீட்டருக்குள் அடங்கும். கோரைக்கிழங்கின் இலை 2 முதல் 6 மில்லிமீட்டர் வரை அகலமாகவும் கரும்பச்சையாகவும் இருக்கும். உயரத்தை மட்டும் நம்பவே கூடாது. ஒரே இனம் கண்மாய்க் கரையின் வண்டலில் இரண்டு சாண் வளர்ந்து, உப்பு படிந்த மணலில் நான்கு விரல் உயரத்திலேயே பூத்துவிடுகிறது.

நான்காம் படி: கதிரைப் படித்தல்

கதிரின் கீழே இலை போல நீண்டு நிற்பவை பூவடியிலைகள். அவற்றுக்கு மேலே குடைக்கம்பிகள் போல விரியும் காம்புகளின் நுனியில் சிறுகதிர்கள் இருக்கும். கோரைக்கிழங்கில் நீளம் வேறுபட்ட பல காம்புகள் தெளிவாக விரிந்திருக்கும், சிறுகதிர்கள் செம்பழுப்பு அல்லது ஊதா கலந்த பழுப்பு நிறத்தில் நீண்டு மெலிந்திருக்கும். சிலந்தி அரிசியில் காம்புகள் இல்லாமலோ மிகக் குட்டையாகவோ இருந்து, சில சிறுகதிர்கள் மட்டும் நடு அச்சில் ஒரு சிறு கதிராக நெருங்கி நிற்கும். உவர்க்கோரையின் சிறுகதிர் குட்டையாகவும் சற்றே உப்பியும் இருக்கும், பூக்களை மூடியிருக்கும் செதில்கள் நெருக்கமாக ஒன்றையொன்று மூடியிருக்கும்.

செதில்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறை பேரினத்தை, அதாவது நெருங்கிய இனங்கள் சேர்ந்த தொகுதியை, சொல்லிவிடும் என்பதால் இதை லென்ஸில் பொறுமையாகப் பார்க்க வேண்டும். சைப்பரஸ் பேரினத்தில் செதில்கள் சிறுகதிரின் இரு பக்கமும் இரண்டு வரிசையாக, பின்னிய சடை போல அமைந்து, சிறுகதிர் தட்டையாகத் தெரியும். ஃபிம்பிரிஸ்டைலிஸ் பேரினத்தின் பெரும்பாலான இனங்களில் செதில்கள் சுருள் வரிசையில் சுற்றி அமைவதால் சிறுகதிர் உருண்டு, சிறிய கூம்பு போலத் தெரியும். சடையா, கூம்பா என்ற இந்த ஒரு கேள்வி, கையில் உள்ள மாதிரிகளை இரண்டு குவியலாக்கிவிடும்.

ஐந்தாம் படி: சூல்முடியும் காயும்

பலரும் இந்தப் படியை விட்டுவிடுகிறார்கள். என் அனுபவத்தில் முடிவைத் தீர்மானிப்பது இதுதான்.

பூத்த சிறுகதிர் ஒன்றை வெள்ளைத் தாளில் வைத்து, ஒரு குண்டூசியால் அடிப்பகுதியை அழுத்திக்கொண்டு, மற்றொன்றின் முனையை நடுச்செதில் ஒன்றின் ஓரத்தில் நுழைத்து மெல்ல நெம்ப வேண்டும். செதில் படகு போலக் கழன்று வரும். அதன் மடியில் மூன்று மகரந்தத் தாள்களும், நடுவே கடுகைவிடச் சிறிய சூலகமும், அதன் உச்சியில் மெல்லிய சூல்தண்டும் இருக்கும். அந்தச் சூல்தண்டு நுனியில் எத்தனையாகப் பிரிகிறது என்பதை எண்ண வேண்டும். ஒரு பூவில் எண்ணியது போதாது, மூன்று நான்கு பூக்களிலாவது எண்ண வேண்டும், ஏனெனில் ஒரு முடி ஒடிந்திருந்தால் மூன்று இரண்டாகத் தெரியும்.

மூன்று சூல்முடி இருந்தால் காய் முப்பட்டையாக இருக்கும். மேலே சொன்ன கோரைக்கிழங்கு, சிலந்தி அரிசி, உவர்க்கோரை, அரினேரியஸ் ஆகிய நான்கும் இவ்வகை. இரண்டு சூல்முடி இருந்தால் காய் இருபுறமும் தட்டையாக இருக்கும், அப்போது அந்தத் தட்டைக் காய் எந்தப் பக்கம் பார்த்து அமர்ந்திருக்கிறது என்ற கேள்வி எழும். காயின் விளிம்பு சிறுகதிரின் அச்சை நோக்கியிருந்தால் பைக்ரியஸ் குழு, காயின் தட்டை முகம் அச்சை நோக்கியிருந்தால் வேறு குழு. ஈர மணலில் அடர்ந்த கொத்தாக வளரும் பைக்ரியஸ் பாலிஸ்டாக்கியோஸை, பூக்காத நிலையில் மெலிந்த சைப்பரஸ் என்று எண்ணியிருந்தால், இந்தச் சோதனை திருத்திவிடும். கில்லிங்கா என்ற கோரைக் குழுவிலும் சூல்முடி இரண்டுதான், ஆனால் அங்கே சிறுகதிர்கள் பச்சை அல்லது வெண்ணிற உருண்டைத் தலையாகத் திரண்டு, முற்றியதும் செதில் செதிலாக உதிராமல் முழுச் சிறுகதிராகவே உதிரும். இக்காலத் தாவரவியலாளர் பலர் பைக்ரியஸையும் கில்லிங்காவையும் சைப்பரஸுக்குள்ளேயே சேர்த்துவிட்டனர். நூலுக்கு நூல் பெயர் மாறிக்கிடப்பதைக் கண்டு மலைக்க வேண்டாம், அடையாளங்களைச் சரியாக எழுதி வைத்திருந்தால் எந்தப் பெயருக்கும் மாற்றிக்கொள்ளலாம்.

இப்போது கோரைக்கிழங்குக்கும் உவர்க்கோரைக்கும் திரும்புவோம். கோரைக்கிழங்கின் சூல்தண்டு நீண்டது, மூன்று சூல்முடிகளும் செதிலுக்கு வெளியே இழைகளாக நீட்டிக்கொண்டிருக்கும். உவர்க்கோரையின் சூல்தண்டு குட்டை. முற்றிய காயைச் செதிலோடு பக்கத்தில் வைத்து அளந்தால், கோரைக்கிழங்கின் காய் செதிலின் நீளத்தில் பாதியை எட்டாது, உவர்க்கோரையின் காய் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இருக்கும். இன்னொரு குறிப்பும் உதவும்: கோரைக்கிழங்கு கிழங்கினாலேயே பெருகுவது, அதில் முற்றிய காய் அரிது. பத்துச் சிறுகதிர்களைப் பிரித்தும் அவற்றில் கொழுத்த காய்கள் வரிசையாகக் கிடைத்தால், கையில் இருப்பது கோரைக்கிழங்கு என்ற முடிவை நான் மறுபரிசீலனை செய்வேன்.

கூம்புச் சிறுகதிர்க் குவியல்

ஃபிம்பிரிஸ்டைலிஸின் சூல்தண்டு அடியில் பருத்து, முற்றும்போது முழுவதுமாகக் கழன்று விழும், காயின் தலை வெறுமையாகிவிடும். அதைப் போலவே தோன்றும் பல்போஸ்டைலிஸில் சூல்தண்டின் அடி மட்டும் சிறு பொத்தானாகக் காயின் தலையில் தங்கிவிடும். பொத்தானைத் தேடும் அளவுக்குப் பார்வை கூர்மையாக இல்லாவிட்டாலும் கவலையில்லை. உலர் மணலில் தலைமயிர்க் கொத்து போல நிற்கும் பல்போஸ்டைலிஸ் பார்பேட்டாவின் இலையுறை வாயில் நீண்ட வெண்மயிர்கள் இருக்கும், லென்ஸை வைத்தவுடன் தெரியும்.

கடலோர ஃபிம்பிரிஸ்டைலிஸ்களில் மூன்றை நம் பகுதியில் பழகிக்கொள்வது பயன் தரும். விறைத்த தட்டை இலைகள் தரையோடு ரோஜா இதழ் போல விரிந்து, அவற்றின் நடுவே குட்டைச் சிறுகதிர்கள் நின்றால் ஃபிம்பிரிஸ்டைலிஸ் சைமோசா. உவர்ச் சேற்றில் இலை மிகக் குறைந்து தண்டே பெரிதாகத் தெரிந்து, பழுப்புச் செதில்களின் மேற்பகுதியில் சாம்பல்நிற மெல்லிய மயிர் இருந்தால் ஃபிம்பிரிஸ்டைலிஸ் ஃபெருஜினியா. ஒவ்வொரு தண்டின் நுனியிலும் ஒரே ஒரு சிறுகதிர் இருந்தால் ஃபிம்பிரிஸ்டைலிஸ் பாலிட்ரிகாய்டிஸாக இருக்கக்கூடும்.

இந்தக் கடைசியோடுதான் எலியோகாரிஸ் ஜெனிகுலேட்டா என்ற வேறு பேரினக் கோரை குழம்பும், ஏனெனில் அதிலும் தண்டுக்கு ஒரு சிறுகதிர்தான். எலியோகாரிஸில் இலைத்தாள் அறவே இல்லை, தண்டின் அடியில் வெற்று உறை மட்டும் சுற்றியிருக்கும். காயைப் பிரித்தால் பளபளக்கும் கருமையும், தலையில் தங்கிய சிறு தொப்பியும், அடியிலிருந்து எழும் பழுப்பு மயிர்முட்களும் தெரியும். ஃபிம்பிரிஸ்டைலிஸில் தொப்பியும் இல்லை, முட்களும் இல்லை.

கண்மாய்ப் பாசன வயல்களில் நெல்லோடு வரும் களைக்கோரைகள் இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிறுகதிர்கள் நெருங்கி உருண்டைப் பந்துகளாகத் திரண்டால் சைப்பரஸ் டிஃபார்மிஸ், மஞ்சள்நிறச் சிறுகதிர்கள் தளர்ந்த நீண்ட கதிரில் அமைந்திருந்தால் சைப்பரஸ் ஐரியா. இரண்டும் மழைக்காலச் செடிகள், கிழங்கு கிடையாது, ஆகவே தோண்டியவுடனேயே கோரைக்கிழங்கிலிருந்து பிரிந்துவிடும்.

மாதிரியைப் பாதுகாத்தல்

ஐயம் தீராத செடியை வேரோடு செய்தித்தாள் மடிப்பில் வைத்து, மேலே பாரம் ஏற்றி, முதல் வாரம் நாள்தோறும் தாளை மாற்றி உலர்த்த வேண்டும். கடற்காற்றின் ஈரத்தில் தாளை மாற்றத் தவறினால் இரண்டே நாளில் பூஞ்சை பிடித்துவிடும். தண்டு நீளமாக இருந்தால் ஒடித்துவிடாமல் மடித்து வைக்க வேண்டும். உலர்ந்தபின் தோலும் நிறமும் மாறுவதால், நிலத்தடிப் பகுதியைத் தோண்டிய இடத்திலேயே படம் எடுத்துக்கொள்வதும் அவசியம். ஊர், மண்ணின் தன்மை, ஓத நீர் எட்டும் தொலைவு, தேதி, சூல்முடி எண்ணிக்கை, காய் வடிவம் ஆகியவற்றைச் சீட்டில் பென்சிலால் எழுத வேண்டும், மை ஈரத்தில் கரைந்துவிடும். ஒப்பிட்டுப் பார்க்கக் கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வகத்தின் தென்மண்டல மையத்தில் உலர் தாவரச் சேகரிப்பு இருக்கிறது.

சிலந்தி அரிசி போன்றவற்றில் நூல் அறுந்து குமிழ் தனியே வந்துவிட்டால், அதைத் தாளில் மடித்த சிறு பொட்டலத்தில் இட்டு, எந்தச் செடியின் அடியில் கிடைத்தது என்று எழுதி, அந்தச் செடியின் தாளிலேயே ஒட்டிவைக்க வேண்டும்.